கழுத்தில் ஒரு கோடு

அந்தக் கோட்டை நான்தான் போட்டேன். கறுப்பு மார்க்கர் பேனாவால், ஒரு மனிதரின் கழுத்துக்குக் குறுக்கே. இதை எழுத வேண்டாம் என்று என் மூத்த மகள் சொன்னாள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காராக இருந்த என் பழைய கூட்டாளி டெலிபோன் எடுத்துச் சொன்னார், "முடிஞ்ச கதைய ஏன் கிண்டுறீங்க?" முடிந்துவிட்டது என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். டெலிபோனை வைத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்குக் கோட்டின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் உயிருள்ளவற்றின் உருவத்தை முழுதாக வைத்திருக்க மாட்டார்கள். கழுத்தில் ஒரு கோடு கீறிவிட்டால் தலை வேறு, உடல் வேறு. உயிர் தரிக்காத உருவம். அதற்குப் பிறகு அது அலுமாரியிலோ சுவரிலோ இருந்துவிட்டுப் போகலாம். எங்கள் பாடப் புத்தகத்து மன்னர்கள் எல்லோரும் கழுத்தில் கோட்டோடுதான் அரசாண்டார்கள். பால்மா டின்னில் சிரித்த குழந்தைக்கும் என் உம்மா ஊசியால் ஒரு கோடு கீறிவிட்டுத்தான் அதில் சீனி போட்டு வைத்தார். நான் ஆசிரியரான பிறகும் அந்தப் பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை. மாணவர்களின் விஞ்ஞானக் கொப்பிகளில் மனித உடலின் படத்தைக் கண்டால் பேனா தானாகக் கழுத்துக்குப் போகும். சுவாசக் குழாயைக் காட்டும் அம்புக்குறியும் என் கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள, பிள்ளைகள் எது எதுவென்று தெரியாமல் விழிப்பார்கள்.

எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. எங்கள் ஊரிலேயே இது தேவையில்லை என்பவர்கள் உண்டு, போதாது என்பவர்களும் உண்டு. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது வேறு.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பள்ளிக்கூடத்து உப அதிபராக ஓய்வு பெற்று, புத்தளத்தில் களப்பு என்கிற கடல்நீர் ஏரியோரம் இருந்த ஒரு பொது மண்டபத்தின் குழுத் தலைவராக இருந்தேன். திருமணம், மௌலூது, மருத்துவ முகாம் என்று மண்டபம் ஓயாது. ஒரு நாள் முந்தலில் இருந்து ஒரு சித்திர ஆசிரியர் வந்தார். வீட்டில் சிங்களம் பேசுபவர், எங்களோடு எங்கள் தமிழிலேயே கதைப்பார். இந்தக் கரையோரத்துக் கலைஞர்கள் சிலரின் வேலைகளைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்க வேண்டும், மண்டபம் தர முடியுமா என்று கேட்டார்.

"கொழும்புக்குக் கொண்டு போனா எங்கட சாமான மூலையில மாட்டுவாங்க சேர். இங்கண்டா நடுவுல மாட்டலாம்."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போயிற்று. சரி என்றேன். மாலையில் மரைக்கார் வந்தார்.

"உருவப் படம் ஏதும் இருக்குமா?"

"எல்லாம் நவீனமாம். பார்த்தா ஒண்டும் விளங்காதாம்."

"விளங்காட்டிப் பரவாயில்ல" என்று திருப்தியோடு போனார்.

உண்மையில் எல்லாமே விளங்கின. கண்டக்குழியில் இருந்து ஒரு மீனவர், கடற்கரை விடுதிகளில் வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாடிக் கிழித்தெறிந்த பட்டத் துணிகளைப் பொறுக்கி, பழங்காலத்துப் பாய்மரப் பாய் ஒன்றாகத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். அது மண்டபத்தின் முகட்டுக்கு எட்டியது. முந்தல் பக்கத்துப் பெண்ணொருத்தி, கைவிடப்பட்ட இறால் பண்ணைகளை மேலிருந்து பார்த்ததுபோல வரைந்திருந்தாள். தரையில் பச்சையும் சாம்பலுமாகப் புண்கள். பாலாவியில் கடை வைத்திருந்த ஒருவர், தன் கடைக் கண்ணாடிகளில் படிந்த சீமெந்துத் தூசியில் விரலால் படம் கீறி, அந்தக் கண்ணாடிகளையே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். லொறிகள், பஸ்கள், லொறிகள்.

பிறகு அவள் வந்தாள். சுருட்டிய சாக்கொன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, பாலாவி பஸ்ஸில்.

அவளை எனக்குச் சிறுமியாகத் தெரியும். தொண்ணூறில் மன்னாரில் இருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் சனம் வள்ளங்களில் கல்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது, நான் முகாம் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் பாடம் எடுத்தேன். காசு வாங்கவில்லை. அதை அந்த மக்கள் மறக்கவே இல்லை. சேர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பெரியவர்களும் சொல்வார்கள். இந்தக் கதையில் அதுதான் பெரிய அநியாயமாகப் போயிற்று.

அவள் வளர்ந்து, கலியாணம் முடித்து, உப்பளத்தில் சாக்குத் தைக்கும் வேலைக்குப் போனாள். சாக்கில்தான் வரைந்தாள். இரண்டு சாக்குகளைப் பிரித்து ஒட்டுத் தைத்து, கஞ்சி பூசிக் காயவிட்டு, அடுப்புக் கரியால். சித்திர ஆசிரியர் சாக்கைச் சுவரில் விரித்து ஆணி அடித்தபோது மண்டபத்தில் இருந்தவர்கள் கை வேலையை விட்டுவிட்டுக் கிட்ட வந்தார்கள்.

ஒரு மனிதர். கதவளவு உயரம். தொப்பி, சாரன், திறந்த நெஞ்சு. முகம் நேராகப் பார்க்கவில்லை. கீழே நிற்கும் ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலச் சற்றே குனிந்திருந்தது. கீழே நிற்கிறவர் யாரானாலும் அவர் பார்ப்பது தன்னைத்தான் என்று நினைக்கவேண்டும்.

"வாப்பா" என்றாள்.

முகாமுக்கு வந்த சில மாதங்களிலேயே காய்ச்சலில் மவுத்தானவர். வீட்டுச் சாமான்களோடு போட்டோக்களும் மன்னாரிலேயே நின்றுவிட்டன. அவருடைய முகம் என்று உலகத்தில் ஒரு கடதாசி கிடையாது. அவளும், நானா என்று அவள் கூப்பிடும் அண்ணனும் ஞாபகத்தில் வைத்திருந்ததுதான். எத்தனையோ சாக்குகளைப் பாழாக்கிய பிறகுதான் இந்த முகம் சரியாக வந்ததாம்.

"உம்மா இன்னும் பார்க்கல்ல சேர். நாளைக்கு நானா கூட்டிக்கொண்டு வருவாரு. உம்மா பார்த்து, ஓம் எண்டு சொன்னாத்தான் எனக்கு இது வாப்பா."

நான் தலையாட்டினேன். என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது மரைக்காரின் முகம். நாளைத் திறப்பு விழாவுக்கு அவர் வருவார். இந்த ஆளுயர உருவத்தைக் கண்டால் கண்காட்சியையே நிறுத்தச் சொல்வார். குழுவில் என் தலைவர் கதிரைக்கும் ஆபத்து. அந்தக் கடைசி வரியை மறைக்க இத்தனை வருடம் முயன்றேன். இப்போது எழுதிவிட்டேன்.

அவள் அஸர் தொழுவதற்காகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். சித்திர ஆசிரியர் பாய்மரப் பாயைத் தூக்கிக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார். நான் மேசையில் கிடந்த மார்க்கரை எடுத்தேன். அவளிடம் கேட்டிருக்கலாம். அவள் மறுத்தால் படத்தை இறக்கச் சொல்லியிருக்கலாம். அதற்கு அவள் என்னோடு சண்டை பிடித்திருக்கலாம். அதுவாவது இரண்டு பேருக்கு நடுவில் நேர்மையாக நடந்திருக்கும். கேட்கவில்லை. உம்மா பால்மா டின்னுக்குப் போட்டதுபோல் போட்டேன். சாக்கின் முரட்டு இழையில் பேனா இரண்டு மூன்று தடவை தடக்கியது. அழுத்திப் போட்டேன்.

அவள் திரும்பி வந்து பார்த்தாள். கிட்டப் போய் விரலைக் கோட்டில் வைத்துத் தேய்த்தாள். கரி விரலில் வந்தது. கோடு வரவில்லை.

"என்ட கரிய ஒரு துணியால துடைச்சாப் போயிரும் சேர். இது போகாது."

"படம் தப்பினது இந்தக் கோட்டாலதான் பிள்ள. இல்லாட்டி நாளைக்கு இறக்கச் சொல்லுவாங்க."

"இறக்கியிருப்பன். வீட்ட கொண்டு போயிருப்பன். வாப்பா முழுசா இருந்திருப்பாரு."

அவள் படத்தை அப்போதே கழற்றிவிடுவாள் என்று நினைத்தேன். கழற்றவில்லை. "உம்மா வரட்டும்" என்றாள்.

அடுத்த நாள் மண்டபம் நிறைந்துவிட்டது. கண்டக்குழியில் இருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் பாய்மரப் பாயைப் பார்க்க வந்திருந்தார்கள். பாலாவிக் கடைக்காரரின் கண்ணாடிகளுக்கு முன்னால் லொறி ஓட்டுநர் ஒருவர், "இது என்ட வண்டி, நம்பர் தெரியுது பாருங்க" என்று எல்லோரையும் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மரைக்கார் சாக்கின் முன் நின்றார். கோட்டைக் கண்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். நிமிர்ந்தது.

அந்த நேரத்தில் அவளுடைய உம்மா, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். படத்தின் முன் நின்று அண்ணாந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கும்போது உதடு அசைந்தது. கண் கீழே இறங்கியது.

"யாரு இத அறுத்த?"

சாக்கைச் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் விளங்கியது. மரைக்கார் என் பக்கத்தில் நின்றார். சித்திர ஆசிரியர் நின்றார். அவள் மண்டபத்தின் அந்தக் கோடியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான்தான் பதில் சொன்னேன், "ஒருத்தரும் அறுக்கல்ல, உம்மா. மார்க்கத்துக்கு ஒத்துவரணும் எண்டு போட்ட கோடு. உங்கட மகள்ட சம்மதத்தோடதான்."

இந்தக் கடைசி வார்த்தைகளைத்தான் நான் இவ்வளவு காலம் சுமந்தேன். கோடு அவசரத்தில் போட்டது. பொய் யோசித்துச் சொன்னது.

அவள் ஓடிவந்தாள். "நான் சம்மதிக்கல்ல உம்மா! நான் தொழப் போன நேரம்..." உம்மா மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேர் ஏன்டி பொய் சொல்லப் போறாரு?" என்றார். அவ்வளவுதான். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அது வாப்பாதானா, இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக்காரர் வாசலில் திரும்பி நின்று, "வாப்பாட கழுத்துல கோடு போட விட்டுட்டு, நல்லா இரி" என்று தங்கைக்குச் சொன்னார்.

அடுத்த நாள் படத்தின் கீழிருந்த அட்டையில், 'கரி, கஞ்சி, சாக்கு' என்று அச்சடித்திருந்ததற்குக் கீழே, அவளுடைய கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: 'கோடு: மண்டபக் குழுத் தலைவர்.' நான் அட்டையைக் கழற்றினேன். மாலையில் புது அட்டை. அதையும் கழற்றினேன். பிறகு சுவரிலேயே கரியால் எழுதிவிட்டாள். நான் ஆள் பிடித்துச் சுண்ணாம்பு அடிப்பித்தேன். ஈரம் காயுமுன் அதற்கு மேலேயே எழுதினாள், முன்னதைவிடப் பெரிதாக. சித்திர ஆசிரியர் என்னிடம் வந்து, "சேர், நீங்க அழிக்க அழிக்க ஆக்கள் அதத்தான் பார்க்க வாறாங்க. பாய்மரக்காரருக்குக் கோவம்" என்றார். கடைசி நாள் வரை அந்த எழுத்து அங்கே இருந்தது. ஆனால் வாசித்தவர்கள் அதை எனக்கான புகழாகவே எடுத்துக்கொண்டார்கள். சந்தையில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் குலுக்கவிட்டேன்.

உம்மா மகளின் வீட்டுப் படியைப் பிறகு மிதிக்கவில்லை. நானா பெருநாளைக்கும் வரவில்லை. சில வருடங்களில் உம்மா மவுத்தானார். மையித்து வீட்டுக்கு நான் போயிருந்தேன். அவள் பெண்கள் பக்கத்தில் ஓர் ஓரத்தில், விருந்தாளியைப்போல் இருந்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இந்த இடத்தில் வேண்டாம், இந்த நேரத்தில் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அப்படி இருந்துவிடுவதற்கு எனக்கு எப்போதும் ஒரு இடமும் நேரமும் கிடைத்துக்கொண்டே இருந்தன.

போன வருடம் அதே சித்திர ஆசிரியர் பழைய ஆட்களையும் புதியவர்களையும் சேர்த்து மீண்டும் ஒரு கண்காட்சி வைத்தார். மண்டபம் கிடைக்கவில்லை, குழுவில் இப்போது வேறு ஆட்கள், என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. கண்டக்குழியில் பாய்மரக்காரரின் மைத்துனர் தன் பழைய ஐஸ் கொட்டிலைக் கொடுத்தார். சாக்கும் வருகிறது என்று கேள்விப்பட்டேன். கைத்தடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொட்டிலில் இன்னும் மீன் வாடை இருந்தது. சாக்கு நடுச்சுவரில் தொங்கியது. கரி கொஞ்சம் மங்கியிருந்தது. கோடு மங்கவில்லை. அவள் தலையில் நரை விழுந்திருந்தது. ஏணியில் நின்று மேல் ஆணியை அடித்துக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டும் இறங்கவில்லை.

"என்ன சேர், மார்க்கர் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல. கரி இருந்தாத் தா."

அப்போது இறங்கினாள். வந்த காரணத்தைச் சொன்னேன். நடந்ததை நடந்தபடி, என் பெயரைப் போட்டு, படத்துக்குப் பக்கத்தில் எழுதவேண்டும் என்றேன். அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"உம்மா போயிட்டாவே. இப்ப என்னத்துக்கு?"

"உன்ட நானா இருக்காரு."

"உங்கட மனசு லேசாகணும் எண்டு எழுதப் போறீங்களா?"

"லேசாகாது பிள்ள. அது எனக்குத் தெரியும்."

"நான் மாப்புத் தரமாட்டன் சேர். சொல்லிட்டன்."

"கேட்கல்ல."

ஒரு கரித்துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "அப்ப பெரிசா எழுதுங்க. கண்ணாடி போடாத ஆளுக்கும் வாசிக்க வரணும்."

எழுதினேன். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப்போல் வந்தது. 'இந்தக் கோட்டை நான் போட்டேன். வரைந்தவரிடம் கேட்கவில்லை. அவர் சம்மதித்தார் என்று அவருடைய தாயிடம் பொய் சொன்னேன்.' கீழே என் முழுப் பெயர். சித்திர ஆசிரியர் எட்டி நின்று பார்த்துவிட்டு, "சேர், வரி சரிவா போகுது" என்றார். போகட்டும் என்றேன்.

மரைக்காருக்குச் செய்தி போவதற்கு நேரம் எடுக்கவில்லை. வான் வண்டியில் வந்து இறங்கினார். அவரும் கிழவர்தான் இப்போது. என்னை வெளியே, வள்ளங்களுக்கு நடுவில் கூட்டிப் போனார்.

"என்ன வேல இது? நாலு பேர் மார்க்கத்தப் பார்த்துச் சிரிக்கவா?"

"மார்க்கத்தப் பத்தி அதுல ஒரு எழுத்து இல்ல. வாசிச்சீங்களா?"

"வாசிச்சன். அந்தக் கோடு போட்டது நல்லதுக்குத்தானே?"

"ஹாஜியார், உருவம் கூடுமா கூடாதா எண்டு படிச்சவங்க சொல்லட்டும், நான் கேட்டு நடக்கிறன். மற்றவன்ட சாமான்ல கேட்காமக் கை வைக்கலாம் எண்டு யாரு சொன்ன? ஒரு தாய்க்கிட்டப் பொய் சொல்லலாம் எண்டு எந்தக் கிதாபுல இருக்கு?"

"உங்கட பேரு கெட்டுப் போகும்."

"அதுக்குத்தான் பேரப் போட்டிருக்கன்."

அழிக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். ஆள் அனுப்பி அழிப்பிப்பேன் என்றார். திரும்ப எழுதுவேன், எப்படி எழுதுவதென்று எனக்கு ஒரு ஆள் காட்டித் தந்திருக்கிறாள் என்றேன். அறுபது வருடக் கூட்டாளி. சலாம் சொல்லாமல் வண்டியில் ஏறினார். கண்காட்சி முடியும் வரை நான் தினமும் பஸ்ஸில் போய், அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். வந்தவர்கள் வாசித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "இது நீங்களா?" என்று கேட்பார்கள். ஓம் என்பேன். ஒரு கிழவி, "வெக்கமில்லையா?" என்று கேட்டாள். அதற்கும் ஓம் என்றேன்; இருக்கிறதென்று எடுத்துக்கொண்டாளோ, இல்லையென்றோ தெரியாது.

கடைசி நாள் பின்னேரம் நானா வந்தார். யார் சொல்லி வந்தார் என்று எனக்குத் தெரியாது. சாக்கைப் பார்க்கவில்லை, நேராகச் சுவருக்கு வந்து எழுத்தை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் எழுந்து நின்றேன்.

"எங்கட உம்மா உங்கள நம்பினா" என்றார்.

"ஓம்."

"மவுத்தாகிற வரைக்கும் நம்பினா."

"ஓம்."

அடிப்பாரோ என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் என்னை விட்டுவிட்டுச் சாக்குக்கு முன்னால் போய் நின்றார். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தங்கை சாமான் கட்டுவதை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நானா சொன்னார், "மூக்கு சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"வாப்பாட மூக்கு இவ்வளவு கூர் இல்ல. கொஞ்சம் சப்ப."

"உங்கட மூக்குத்தான் சப்ப. வாப்பாட கூர்."

"நீ அப்ப சின்னப் பிள்ள. உனக்கென்னடி தெரியும்?"

"தெரியாட்டி நீங்க கீறுங்க பாப்பம்!" என்று கரித்துண்டை அவர் நெஞ்சில் எறிந்தாள்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். கீறவில்லை. உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஏணியைப் பிடித்தார். அவள் ஏறி ஆணிகளைக் கழற்றினாள். ஆளுக்கொரு முனையாகச் சாக்கைச் சுருட்டினார்கள், மூக்கைப் பற்றிச் சண்டை பிடித்தபடியே. கொட்டிலை விட்டு வெளியே போகும்போது இருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்புவார்கள் என்று நான் காத்திருக்கவும் இல்லை.

சுவரில் உள்ளதை அழிக்கட்டுமா என்று கொட்டில்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். இப்போது அங்கே வலை அடுக்குகிறார்கள், எழுத்தின் பாதி வலைக்குப் பின்னால் போய்விட்டது, மற்றப் பாதியை உப்புக் காற்று தின்னுகிறது என்று பாய்மரக்காரர் சொன்னார். அடுத்த கிழமை கால் வலி குறைந்தால் பஸ் ஏறுவேன். வலையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டுத் திரும்ப எழுதுவேன்.